காலி டம்ளரும் மூன்றாவது பலகையும்

போன வாரம், நான் முன்பு வேலை பார்த்த பட்டறையில் இப்போது இருக்கிற இசக்கி ஒரு படம் அனுப்பியிருந்தாள். சுவரில் சிவப்புப் பெயின்டில் இரண்டு அம்புக்குறிகள். ஒன்று வலப்பக்கம் பார்க்கிறது, மற்றது இடப்பக்கம். படத்துக்குக் கீழே குரல் பதிவு.

"அக்கா, பலகை தேய்க்கிற புது மெஷின் வருதுல்லா, சுவத்துக்கு வெள்ளையடிக்கப் போறோம். இந்த ரெண்டு அம்புக்குறியும் எதுக்குன்னு இங்கன புதுசா வந்த ஒருத்தருக்கும் தெரியல. அண்ணாச்சிகிட்ட கேட்டா சிரிச்சிட்டுப் போயிருதாக. அழிச்சிரலாமா?"

நான்கு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். நான்கு வரிக்குள் அடங்கவில்லை. அந்த அம்புக்குறிகளை வரைந்தவள் நான்தான். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் பட்டறையை விட்டு வெளியே வந்தவளும் நான்தான். எனவே இதை ஓய்வுபெற்ற ஒருத்தியின் நினைவுக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வயதில் என்ன ஓய்வு என்று கேட்டுவிட்டு ஊரே சிரித்தாயிற்று. நீங்களும் சிரித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் பட்டறை சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகிற சாலையில் இருக்கிறது. அங்கே செய்வது அலையில் சறுக்கிப் போகிற சர்ஃப் பலகை. "கடலே இல்லாத ஊருல எதுக்கு?" என்பதுதான் யாரும் கேட்கும் முதல் கேள்வி. கடலுக்குப் போக இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். உண்மைதான். ஆனால் பலகைக்கு மேல் பூசும் ரெசின் என்கிற பிசினுக்குக் கடற்கரை ஈரம் ஆகாது. காய்வதற்குள் மேலே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் கட்டிவிடும். எங்கள் கரிசல் காட்டு வெயிலில் அந்தத் தொல்லை கிடையாது. காய்ந்த ஊர் என்று நம்மைக் கேலி செய்கிறவர்களிடம் சொல்வதற்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் அது.

இரண்டாவது காரணம் காத்தாடி. சுற்றிலும் நிற்கிற காற்றாலைகளைத்தான் சொல்கிறேன். அவற்றின் இறக்கை முழுவதும் கண்ணாடி நூல் துணியும் ரெசினும்தான். இறக்கையில் விரிசல் விட்டால் உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டு துணி வைத்து ஒட்ட வேண்டும். அந்த வேலையில் பதினெட்டு வருடம் தொங்கியவர் செல்லையா அண்ணாச்சி. பனவடலிசத்திரத்துக்காரர். எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் சர்ஃப் பலகை செய்த முதல் ஆள் அவர்தான். அதைச் செய்யத் தொடங்கும்போது அவர் கடலில் கால் நனைத்தது இரண்டே முறை. இரண்டும் திருச்செந்தூரில்.

தொடங்கிவைத்தவள் ஜெனிபர். மணப்பாட்டுக் கரையில் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறவள். அவளுடைய பலகை பாறையில் மோதி இரண்டாகிவிட்டது. காத்தாடி ஆட்களுக்கு ஃபைபர் ஒட்டத் தெரியும் என்று யாரோ சொல்ல, இரண்டு துண்டையும் பஸ் கூரையில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். அண்ணாச்சி ஒட்டிக் கொடுத்தார். ஒட்டும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டார். வெள்ளை ஃபோம், நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மெல்லிய மரப்பட்டை, மேலே துணி, ரெசின். "இம்புட்டுத்தானா?" என்றாராம். அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டவர்தான்.

நான் பாலிமர் படித்துவிட்டு, மூன்று கம்பெனிகளில் மூன்று நாற்காலிகளைத் தேய்த்துவிட்டு, நான்காவதற்குப் போக மனமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நம் ஊரில் சர்ஃப் பலகை என்று கேள்விப்பட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே போய் நின்றேன். வேலை கற்றுக்கொண்ட இரண்டு வருடங்களை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஃபோம் கட்டியை உப்புத்தாளால் தேய்த்தேன், தும்மினேன், தேய்த்தேன். ரெசினும் அதை இறுக வைக்கிற ஹார்டனரும் எடை போட்டுக் கலக்க வேண்டுமே தவிர, கண்ணளவில் கலக்கக் கூடாது என்பதை நான் அவர்களுக்குச் சொன்னேன். மீதி எல்லாம் அவர்கள் எனக்குச் சொன்னது.

அவர்கள் என்றால் அண்ணாச்சியும் மைதீன் பாயும். மைதீன் பாய் கடையநல்லூர். தறியில் இருந்தவர், பிறகு துபாயில் படகு கட்டும் இடத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். துணி விரிப்பது அவர் வேலை. கண்ணாடித் துணியைப் பலகை மேல் உதறுவார். அது பாவும் ஊடையும் கொஞ்சம்கூடக் கோணாமல் வந்து படுக்கும். வாய் மட்டும் படுக்காது.

அண்ணாச்சியிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரையும் தப்பு என்று சொல்ல மாட்டார். திட்டியதே கிடையாது. பதினொரு மணிக்கு டீ வரும். கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபடி, ஒவ்வொருவர் தேய்த்த பலகையையும் சுற்றிச் சுற்றி வருவார். பக்கவாட்டு விளக்கின் வெளிச்சத்தில் குனிந்து பார்ப்பார். புறங்கையால் தடவுவார், உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது என்பார். டீ முடியும். காலி டம்ளரைப் பலகையில் ஓர் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

டம்ளர் இருக்கிற இடத்தில்தான் தப்பு இருக்கும்.

முதல் மாதம் எனக்கு இது தெரியாது. மரியாதையாக டம்ளரைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தேன். மைதீன் பாய்தான் சொன்னார். "ஏட்டி தங்கச்சி, டம்ளரக் கழுவுதியே, அவரு வச்ச இடத்தத் தடவிப் பாத்தியா? அது டம்ளரு இல்ல, மார்க் ஷீட்டு." போய்த் தடவினேன். ஒரு சோற்றுப் பருக்கை அளவு பள்ளம். இரண்டு வருடத்தில் என் பலகைகளில் அந்த டம்ளர் உட்காராத இடம் இல்லை.

நாங்கள் செய்தது எல்லாம் புதிதாகப் பழகுகிறவர்களுக்கான பலகைகள். தடிமன், அகலம், மெதுவாக ஓடும். கம்பளி போர்த்திய எருமை மாதிரி, எங்கே தட்டினாலும் அதன் போக்கில் போகும். குறை என்று யாரும் சொன்னதில்லை. அப்புறம்தான் ஜெனிபர் வந்து நின்றாள். அலைச்சறுக்கு அணித் தேர்வுக்குப் போகிறாள். அவளுக்கு வேண்டியது மெல்லிய, குட்டையான, வேகமான போட்டிப் பலகை. "வெளிநாட்டுப் பலகை வேண்டாம் அண்ணாச்சி. என் ஒடஞ்ச பலகைய ஒட்டுன கை செஞ்சதுலதான் நிப்பேன்" என்றாள். அண்ணாச்சிக்கு அன்று டீ இறங்கவில்லை.

முதல் பலகை போனது. பத்து நாளில் திரும்பி வந்தது. இடது பக்கம் இழுக்கிறதாம். இரண்டாவதை இன்னும் கவனமாகச் செய்தோம். அதுவும் திரும்பி வந்தது, கூடவே ஜெனிபரும் வந்தாள்.

"அக்கா, குத்தம் சொல்லணும்னு சொல்லல. நேராப் போன்னு சொன்னா இடது பக்கமாப் போவுது. கயித்துல கெட்டுன ஆட்டுக்குட்டி கணக்கா இழுக்கு. அலைல எந்திரிச்ச ஒடனே நான் பலகையோடதான் மல்லுக்கெட்டுதேன், அலையப் பாக்கவே நேரமில்ல."

தேர்வுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அண்ணாச்சி அவளிடம் சொன்னார்: "இன்னும் ஒண்ணே ஒண்ணு செய்து தாரேன். அதுவும் இழுத்திச்சின்னா நீங்க வேற எடத்துல வாங்கிக்கிடுங்க. நான் பட்டறையச் சாத்திட்டு மறுபடி கயித்துக்கே போயிருதேன்." சும்மா வாய்க்குச் சொன்ன பேச்சு இல்லை அது. காத்தாடிக் காண்டிராக்டரிடம் அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். நாற்பத்து நான்கு வயது. வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டால் கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியாது. அந்தத் தோளோடு மறுபடி உச்சியில் தொங்கப் போகிறார். மூன்றாவது பலகை நேராகப் போவதில் தொங்கிக்கொண்டிருந்தது அதுதான்.

எனக்கும் அது கடைசிப் பலகை. ரெசின் ஆவி எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. மணிக்கட்டு கொப்பளிக்கும், காலையில் இமை வீங்கிக் கண் திறக்காது. கையுறை, முகமூடி எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. திருநெல்வேலி டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஒருமுறை உடம்பு வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால் பிறகு சமாதானம் கிடையாது. "ஒரு பலகை மட்டும் டாக்டர்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, பந்தியில் மூன்றாவது தடவை பாயசம் கேட்டவளைப் பார்ப்பது போல் இருந்தது.

வேலையைத் தொடங்குவதற்கு முன் குறையைக் கண்டுபிடித்தாக வேண்டும். திரும்பி வந்த இரண்டையும் ஸ்டாண்டில் போட்டு அளந்தோம். நீளம் சரி, இரண்டு பக்க அகலம் சரி, எடை சரி. பன்னிரண்டு இடத்தில் தடிமன் எடுத்தேன், எல்லாம் சரி. மைதீன் பாய் துணியைக் குறை சொல்லிவிடுவேனோ என்று முந்திக்கொண்டார். "என் துணி மேல கைய வச்சேன்னா தெரியும்." நான் துணியைச் சொல்லவில்லை. வேறு ஒன்று தோன்றியது. இரண்டு நேரான அலுமினியப் பட்டைகளை எடுத்தேன். ஒன்றைப் பலகையின் மூக்குப் பக்கம் குறுக்கே வைத்தேன், மற்றதை வால் பக்கம். வாலுக்குப் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடி, இரண்டு பட்டையின் விளிம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்த்தேன்.

சேரவில்லை. கத்தரிக்கோல் லேசாக வாய் திறந்த மாதிரி இருந்தது. பலகை முறுக்கிக்கொண்டிருந்தது, பிழிந்த துண்டு போல. தடிமன் எங்கும் குறையாமல் முறுக்கு மட்டும் ஏறியிருந்தால் அளவுகோல் எதைக் காட்டும்?

இரண்டாவதிலும் அதே முறுக்கு. அலமாரியில் இருந்த நான்கு தடிமன் பலகைகளையும் இறக்கிப் போட்டுப் பார்த்தேன். அவற்றிலும் இருந்தது. ஆறும் ஒரே பக்கம்! ஒன்று கோணினால் பலகையைச் சொல்லலாம். ஆறும் ஒரே மாதிரி கோணினால் கோணல் நம்மிடம்தான்.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். விடை என் போனில் இருந்தது. அண்ணாச்சி பலகை தேய்ப்பதை முன்பு ஒரு மணி நேரம் மேலிருந்து எடுத்து, வேகமாக ஓடவிட்டு அரை நிமிட ரீலாகப் போட்டிருந்தேன். சும்மா தள்ளிக்கொண்டிருந்தபோது அது வந்தது. அண்ணாச்சி பலகையைச் சுற்றுகிறார். கடிகார முள் மாதிரி சுற்றுகிறார். ஒரு தடவைகூட எதிர்ப்பக்கம் திரும்பவில்லை. இன்னொரு ரீலில் நான் இருந்தேன். நானும் அப்படித்தான்.

வலம் வந்துகொண்டிருந்தோம்.

கோயில் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புற்றைச் சுற்றினாலும் அரசமரத்தைச் சுற்றினாலும் காலே அந்தப் பக்கம்தான் திரும்பும். ஆனால் பலகையை வலமாகவே சுற்றித் தேய்த்தால் ஓர் ஓரத்தை மூக்கிலிருந்து வாலுக்குத் தேய்ப்போம், மறு ஓரத்தை வாலிலிருந்து மூக்குக்கு. தேய்க்கத் தொடங்குகிற இடத்தில் கை அழுத்தும், முடிகிற இடத்தில் லேசாகும். பிறகு பலகையைக் கவிழ்த்துப் போட்டு மறுபடியும் வலம். மேலே எந்த மூலை குறைந்ததோ அதற்குக் கீழே நிறைந்திருக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து பலகையை முறுக்கிவிட்டன. வருடக்கணக்காக, பக்தியோடு, ஒவ்வொரு பலகையையும் பிழிந்துகொண்டிருந்திருக்கிறோம்.

ரீலை அண்ணாச்சியிடம் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார். "சரி எஞ்சினியரம்மா, அதுக்கு என்ன செய்யணும்?"

"ரெண்டு ஓரத்தையும் மூக்குலேர்ந்து வாலுக்குத் தேய்க்கணும் அண்ணாச்சி. இல்லைன்னா பாதிச் சுத்து இப்படி, பாதிச் சுத்து எதிர்ப்பக்கம். எப்படிப் பாத்தாலும் ஒரு ஓரத்துக்கு இடமாத்தான் நடக்கணும்."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "அது மட்டும் வேண்டாம்" என்றார்.

இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் வேண்டாம் என்று சொன்ன முதல் விஷயம் அது. நான் படித்த திமிரில் விசை, அழுத்தம் என்று படம் போட்டு விளக்கத் தொடங்கினேன். அவர் இடைமறிக்காமல் முழுவதும் கேட்டார். அப்புறம் சொன்னார்.

"எங்கப்பாவுக்குத்தான் இடம் சுத்துனேன். தோள்ல கொடத்தோட. அதுக்கப்புறம் எதையும் அப்படிச் சுத்துனதில்ல. நீ வந்த புதுசுல ஒரு பலகையக் கெணத்துல மெதக்க விட்டோம்லா, அன்னைக்கி ஆடு மேய்க்க வந்த ஆளு என்ன கேட்டாரு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பலகையை நாங்கள் தோளில் சுமந்துகொண்டு வரப்பில் போனபோது, "ஏலே செல்லையா, பாடைக்கித் தண்ணி காட்டக் கொண்டு போறியாக்கும்?" என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணாச்சி அன்று சிரிக்கவில்லை என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

"நீட்டிப் படுத்திருக்க பலகைய, அந்தப் பிள்ள உசுரோட ஏறி நிக்கப்போற பலகைய, நான் இடமாச் சுத்த மாட்டேன். கயித்துல போய்த் தொங்குனாலும் தொங்குவேன்."

மூடநம்பிக்கை என்று ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினேன் என்பதற்காக இன்றும் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்கிறேன். அது நம்பிக்கை பற்றிய பேச்சே இல்லை. ஜெனிபருக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்கிற பேச்சு.

துணி வெட்டிக்கொண்டிருந்த மைதீன் பாய் தலையைத் தூக்கவில்லை. கத்தரியும் நிற்கவில்லை.

"அண்ணாச்சி, எங்க உம்மா போன வருசம் மெக்காவுக்கு உம்ரா போயிட்டு வந்தாள்லா?"

"ஆமா."

"அங்கன காபாவ எந்தப் பக்கமாச் சுத்துவாங்க, தெரியுமா?"

"எந்தப் பக்கம்?"

"காபா எடது கைப் பக்கம் இருக்கணும். ஏழு சுத்து. லட்சோப லட்சம் சனம் அப்படித்தான் சுத்துது. எங்க உம்மா எழுபது வயசுல முழங்கால் வலியோட சுத்திட்டு வந்தா. வந்து ஆறு மாசமாச்சு. நேத்துகூட என் பொண்டாட்டிகிட்ட கொழம்புல உப்பில்லன்னு ஒரு மணி நேரம் சண்ட போட்டா." கத்தரி துணியின் முனைக்கு வந்தது. "நல்லாத்தான் இருக்கா."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் வலியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஒம்ம உம்மாவுக்கு உப்புப் பத்தலயா வே?"

"எப்பவும் பத்தாது."

மறுநாள் காலை புது ஃபோம் கட்டியை ஸ்டாண்டில் ஏற்றினோம். அண்ணாச்சி வழக்கம்போல மூக்கருகே நின்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வலமாகப் பத்துச் சுற்றுத் தேய்த்தார். நின்றார். திரும்பினார். "மைதீன் வே, நீரும் வாரும்" என்றார். மைதீன் பாய் கூட நடந்தார், சும்மா, கையில் ஒன்றுமில்லாமல். இடமாக நடந்தால் பலகை இடது கைப் பக்கம் வந்துவிடும். வலக்கைக்காரருக்கு அது சட்டையைப் பின்முன்னாக மாட்டியது மாதிரி. முதல் சுற்றில் அண்ணாச்சியின் கால் இரண்டு தடவை தடுமாறியது. நான்காவது சுற்றில் சரியானது. கால் மறந்துவிடக் கூடாது என்று அன்று மதியம் நான் சுவரில் இரண்டு அம்புக்குறிகளை வரைந்தேன். பத்து அங்கே, பத்து இங்கே.

மெல்லிய ஓரங்களை நான் தேய்த்தேன். முகமூடிக்கு மேலே இமை வீங்கியிருந்தது, ஆனால் கை தெளிவாக இருந்தது. ஒன்பதாவது நாள் பதினொரு மணிக்கு டீ வந்தது. அண்ணாச்சி டம்ளரோடு வந்தார். வலமாக ஒரு சுற்று. குனிந்து பார்த்தார். புறங்கையால் மூக்கிலிருந்து வால் வரை தடவினார். பிறகு, யாரும் சொல்லாமலே, இடமாக ஒரு சுற்று. டீ முடிந்தது. காலி டம்ளரைப் பிடித்தபடி நின்றார். இன்னொரு சுற்று வந்தார். டம்ளரை வைக்கக் கையை நீட்டினார், மடக்கிக்கொண்டார்.

"மைதீன், இதக் கழுவி வையும்" என்று டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"யா அல்லா, இவரு டம்ளரக் கையில குடுத்து நான் பாத்ததே இல்ல" என்றார் மைதீன் பாய். நான் முகமூடியைக் கழற்றாமலே அழுதேன். அழக் கூடாது, இமை இன்னும் வீங்கும் என்று தெரிந்தும்.

இரண்டு பட்டையையும் வைத்துப் பார்த்தேன். இரண்டு விளிம்பும் ஒரே கோடாகப் படிந்தன. பாய் துணி விரித்தார், ரெசின் ஊற்றியபோது என்னை வாசலுக்கு அப்பால் நிற்க வைத்தார்கள். பலகை மணப்பாட்டுக்குப் போனது. மூன்று நாள் போன் இல்லை. நான்காவது நாள் காலை மணி அடித்தது. அண்ணாச்சி எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு ஜெனிபர் பேசினாள், பின்னால் அலைச் சத்தம்.

"அக்கா, காலைலேர்ந்து பன்னெண்டு தடவ விழுந்துட்டேன்."

அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இழுக்குதா?" என்றேன்.

"இல்லக்கா. அதான் சொல்லுதேன். எங்கயும் இழுக்கல. இப்ப விழுந்தா நான்தான் விழுதேன். பலகையக் கைகாட்ட முடியாது போல இருக்கே!"

ஜெனிபர் அந்தத் தேர்வில் முதலாவதாக வரவில்லை. அணியில் இடம் கிடைத்தது, கடைசி இடம். அண்ணாச்சி காண்டிராக்டருக்குப் போன் போட்டு, கயிற்றுக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னார். அவர் மனைவி எங்கள் மூன்று பேருக்கும் கறிச்சோறு போட்டார். இலையில் எனக்கு மட்டும் இரண்டு தடவை கறி விழுந்தது. அடுத்த வாரம் நான் விடைபெற்றேன். பேச்சு, மாலை எதுவும் இல்லை. மைதீன் பாய் வெட்டி மிஞ்சிய துணியில் கையளவு ஒரு சர்ஃப் பலகை செய்து கொடுத்தார். அதைப் பாலிதீன் உறைக்குள் போட்டு, "தொடாத தங்கச்சி, பாரு" என்றார். என் மேஜைக்கு எதிரே தொங்குகிறது. தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்றவர்கள் இந்த இடத்தில் வருத்தப்பட வேண்டும் போலிருக்கிறது. எனக்கு வரவில்லை. நான்காவது நாற்காலிக்குப் போயிருந்தால், வேண்டாம் என்று சொல்லும்போதுகூட இன்னொருத்தி உயிரை நினைக்கிற ஒரு மனிதரை நான் பார்த்திருக்க மாட்டேன். தாயின் உப்புச் சண்டையைச் சொல்லி ஒருவருடைய பயத்தைத் தீர்க்க முடியும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்காது. இரண்டு வருடச் சம்பாத்தியத்துக்கு இது அதிகம்.

இசக்கி, உன் கேள்விக்கு வருகிறேன். சுவருக்குத் தாராளமாக வெள்ளை அடி. அம்புக்குறி போனால் போகட்டும். மெஷினுக்கு வலமும் தெரியாது, இடமும் தெரியாது. ஆனால் அதையும் யாரோ ஒரு பக்கமாக நின்றுதான் பூட்டியிருப்பார்கள். அதனால் ஒன்றே ஒன்று செய். மெஷினிலிருந்து முதல் பலகை இறங்கியதும், பதினொரு மணி வரை பொறுத்திரு. அண்ணாச்சிக்கு ஒரு டீ வாங்கிக் கொடு.

குடித்து முடித்ததும் டம்ளர் எங்கே போகிறது என்று எனக்கு எழுது.